காக்கைக்கூட்டு மாளிகையின் கிழக்குக் கதவு

நவரத்தினத்திடம் கதவைப் பற்றி மட்டும் வாய் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அன்றைய பொழுது போனது போனதுதான். ஜெர்மன் நகரமான டோர்ட்மண்டில் கதவும் சன்னலும் பொருத்திக் கொடுக்கும் சிறிய கொம்பனி ஒன்றில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. விருந்துக்குப் போன வீட்டிலும் சப்பாத்தைக் கழற்ற முன்னரே கதவைத் தாங்கும் பிணைச்சலைத் தடவிப் பார்ப்பார். "உது ஒரு மில்லிமீற்றர் இறங்கியிருக்கு" என்பார். வீட்டுக்காரரின் முகம் ஒரு முழம் இறங்கிவிடும். பின்னால் பலகாரத் தட்டோடு நிற்கிற அவர் மனைவி தவமலர், "கதவைப் பாக்க வந்தனீங்களோ, ஆக்களைப் பாக்க வந்தனீங்களோ?" என்று பல்லைக் கடிப்பார். அவர் காதில் விழாது. காது முழுக்கக் கதவுச் சத்தம்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் மானத்தை வாங்கியது ஒரு கதவுதான். 2006ஆம் ஆண்டு, ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

அவருடைய தங்கை சுந்தரேஸ்வரிக்கு ஒரே மகள், துஷானி. தகப்பன் அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து பெற்றோர் கூட்டமா, விசா அலுவலகத்தில் டெர்மின் என்கிற சந்திப்பு நேரமா, எல்லாவற்றுக்கும் மாமன்தான் ஓடினார். வுப்பர்டாலில் இருக்கும் பிருந்தன் என்கிற பெடியனை விரும்புவதாகத் துஷானி முதலில் சொன்னதும் மாமனிடம்தான். மாமனுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. "மாமா, நீங்கள்தான் எல்லாம் முன்னுக்கு நிண்டு செய்யவேணும்" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ரைன் ஆற்றையே இறைத்திருப்பார்.

ஆனால் பிருந்தனுக்கு ஒரு தாய் இருந்தார். பெயர் புஸ்பவதி. ஒருமுறை பாரிசுக்கு ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போகிற வழியில், எல்லை தாண்டிய பிறகு காருக்குள் யாரோ தும்மினார்கள் என்று காரை வுப்பர்டாலுக்கே திருப்பச் சொன்னவர். தும்மியது வேறு யாருமில்லை, அவருடைய கணவர்தான். தடிமனோடு போக வர ஏழு மணித்தியாலம் கார் ஓட்டியதும் அந்தப் பாவம்தான்.

சம்பந்தம் பேசப் போன அன்றே புஸ்பவதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தம்பி, எனக்குச் சீதனம் வேண்டாம், நகை வேண்டாம். ஒண்டே ஒண்டு. என்ரை மூத்தவனைக் கலியாண மண்டபத்தின்ரை பின்பக்கத்தால, குசினிக்கும் கக்கூசுக்கும் நடுவால கூட்டிக்கொண்டு போனவை. எட்டு மாசத்தில கலியாணம் முறிஞ்சுது. இவன் கிழக்குப் பக்கத்தால, நல்ல பெரிய வாசலால உள்ளுக்குப் போகவேணும். இல்லாட்டி நாங்கள் வாற பஸ்ஸை அப்பிடியே திருப்பிப்போடுவன்."

"கதவோ? என்னட்டை விடுங்கோ அக்கா!" என்றார் நவரத்தினம். தவமலர் அவருடைய முழங்காலை மேசைக்குக் கீழே கிள்ளினார். கிள்ளி என்ன பிரயோசனம், வாய் ஏற்கெனவே போய்விட்டதே.

அந்த வருடம் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நாட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. டோர்ட்மண்டில் மண்டபம் என்று பெயர் வைத்த எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டுக்கும் வாசல் மேற்கு, இல்லாவிட்டால் வடக்கு. நவரத்தினம் கையில் திசைகாட்டியோடு ஊர் ஊராக அலைந்தார். மாசி மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், ஒரு மணித்தியால ஓட்டத்தில், வயல்களுக்கு நடுவே அந்த மாளிகை தெரிந்தது.

பழைய பிரபு ஒருவரின் வீடு. இப்போது ஹோட்டல். சுற்றிவர அகழி, அகழியில் வாத்து. நடுவில் மூன்று மாடிக் கட்டடம், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இரண்டு சிறகு. இந்தப் பக்கம் எத்தனை சன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை சன்னல். பெயரைத் தமிழில் சொன்னால் காக்கைக்கூடு. சுந்தரேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளையின்ரை கலியாணத்தைக் காகக் கூட்டிலயோ வைக்கிறது?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். "அழைப்புக் காட்டில அந்தப் பேரைப் போடாதை. கோட்டை எண்டு போடு" என்றார் தமையன்.

ஏனென்றால் அவர் கதவைக் கண்டுவிட்டார். வீதியைப் பார்த்தபடி, சுத்தமான கிழக்கில், எட்டுப் படி, நான்கு தூண், தூண்களின் மேல் முக்கோண முகப்பு, அதற்குக் கீழே இரட்டைக் கதவு. முதிர்ந்த ஓக் மரம். திராட்சைக் கொடி செதுக்கி, சிங்க முகத்தில் பித்தளை வளையம் தொங்கவிட்டிருந்தார்கள். நவரத்தினம் தொப்பியைக் கழற்றிவிட்டார். கோயில் வாசலில்கூட அவர் அவ்வளவு பணிவாக நின்றதில்லை.

மனேஜர் ஹாகமன் மெலிந்த, மரியாதையான மனிதர். கூட வந்து நின்று, "திரு. நவரத்தினம், இந்தக் கதவைப் பற்றி நான் ஒன்று சொல்லவேண்டும்" என்று தொடங்கினார். நவரத்தினம் பாய்ந்து கையை உயர்த்தினார். மாப்பிள்ளை போகிற வாசலால் அதற்கு முதல் நம்மவர் ஒருவரும் போகக்கூடாது என்று அவர் மனதில் அந்தக் கணமே ஒரு சட்டம் பிறந்துவிட்டது. அதை விளக்க அவரிடம் இருந்தது கட்டட வேலைத்தளத்தில் படித்த ஜெர்மன்தான். அதில் விளக்கம் கிடையாது, சத்தம்தான் உண்டு. "திறக்காதே! தொடாதே! தடை!" என்றார்.

ஹாகமனின் முகம் மலர்ந்தது. "திறக்கவே வேண்டாமா?"

"வேண்டாம்!"

"ஆகா! இதைத் திறக்கச் சொல்லி என்னோடு சண்டை பிடிக்காத முதல் விருந்தாளி நீங்கள்தான்" என்று ஹாகமன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளைக்காரனிலும் எங்களுடைய முறை தெரிந்த ஆள் இருக்கிறான் என்று நவரத்தினத்துக்கு உச்சி குளிர்ந்தது.

மேற்குப் பக்கச் சின்னக் கதவால் உள்ளே போய்ப் பெரிய மண்டபத்தைப் பார்த்தார்கள். கிழக்குச் சுவரில், உயரமான இரண்டு சன்னல்களுக்கு நடுவே, மான் வேட்டைப் படம் நெய்த பெரிய கம்பளித் திரை ஒன்று தொங்கியது.

"கதவுக்குள்ளால குளிர் வராமல் திரை போட்டிருக்கிறாங்கள்" என்றார் நவரத்தினம். "பழைய ஆக்கள் விசயம் தெரிஞ்ச ஆக்கள்."

"ஒருக்கா விலத்திப் பாருங்கோவன்" என்றார் கூட வந்திருந்த தவமலர்.

"எனக்குக் கதவு படிப்பிக்க வாறா! சும்மா வாரும்."

தவமலர் சும்மா வந்தார். உள்ளுக்குள் சும்மா இருந்தாரா என்பது வேறு விசயம். கதவின் படம் வுப்பர்டாலுக்குப் போயிற்று. புஸ்பவதி கண்ணாடியை ஏற்றி இறக்கி நாலு தரம் பார்த்துவிட்டு, "உதுதான் வாசல்" என்றார். அழைப்பிதழின் முகப்பிலும் அதே கதவைத்தான் அச்சடித்தார்கள். முந்நூறு காட்.

இப்படியாகக் கலியாண நாளும் வந்தது. முகூர்த்தம் பத்து இருபதுக்கு. மாப்பிள்ளை வீட்டாரின் இரண்டு பஸ் ஒன்பதே முக்காலுக்கு வரும். எட்டரை மணிக்கு நவரத்தினம் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு எண்ணெய்ப் போத்தலோடு கிழக்குத் திரைக்குக் கிட்டப் போனார். மாப்பிள்ளை வருகிற நேரம் பிணைச்சல் கிறீச்சிட்டால் அது தனக்கு அவமானம் என்று அவருக்கு எண்ணம். திரையை விலத்தினார்.

சுவர்.

வெள்ளை அடித்த, நல்ல நேர்த்தியான சுவர். நடுவில் மின்சாரம் செருகுகிற ஓட்டை ஒன்று வேறு இருந்தது. நவரத்தினம் அதைத் தடவினார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தார். கதவு அங்கேதான் இருந்தது, சிங்கமும் வளையமுமாக. வளையத்தைப் பிடித்து இழுத்தார். சிங்கம் அசையவில்லை. திரும்ப உள்ளே ஓடிவந்தார். சுவரும் அங்கேதான் இருந்தது. மூன்றாம் தரம் ஓடப் போனவரைத் தவமலர் வேட்டியில் பிடித்து நிறுத்தினார்.

"என்னப்பா, விசரோ?"

"தவம், கதவைக் காணேல்லை."

ஹாகமன் வந்து மிகுந்த பெருமையோடு விளக்கினார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் இந்த வீட்டுக்கு மேற்கில் மட்டும்தான் வாசல் இருந்ததாம். பிறகு கிழக்கால் புது வீதி வந்தது. வீதியால் போகிற பெரிய மனிதர்களுக்கு வீட்டின் முதுகுதான் தெரிகிறதே என்று பிரபு கொதித்துப்போய், படி, தூண், கதவு எல்லாம் வைத்து முதுகுக்கு ஒரு முகம் கட்டினார். சுவரை மட்டும் உடைக்கவில்லை. உடைத்தால் மேல்மாடி இறங்கிவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டாராம். "ஐரோப்பாவிலேயே இவ்வளவு அழகான பொய்க்கதவு கிடைப்பது அரிது. நீங்கள் அன்றைக்கே கண்டுகொண்டீர்கள் என்றல்லவா நினைத்தேன்? நீங்கள் கதவு நிபுணர் ஆச்சே!"

நவரத்தினத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தவமலருக்கு வாய் நன்றாக ஓடியது. "அண்டைக்கு விலத்திப் பாருங்கோ எண்டனான். கேட்டீங்களோ? கதவாம், கதவு! இருபத்திரண்டு வருசமாய் ஊருலகத்துக் கதவெல்லாம் பாத்து, கடைசியாய்ச் சுவருக்குக் காட் அடிச்ச மனிசன்!"

மாடிப்படியில் சுந்தரேஸ்வரி வந்து நின்றாள். முகம் வெளுத்துப்போய், "அண்ணை, பஸ்ஸைத் திருப்பிப்போடுவா. என்ரை பிள்ளை மேல்மாடியில பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு இருக்குது" என்றாள். அவ்வளவுதான். நவரத்தினத்துக்கு நெஞ்சு கிழிந்த மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை தன்னை நம்பித்தானே மேலே அலங்காரத்தோடு இருக்கிறது, தகப்பன் இருந்திருந்தால் இப்படி ஒரு மடைத்தனம் செய்திருப்பாரா என்று நினைத்தார். கண்ணீர் வந்தது. வந்த கண்ணீரைச் சால்வையில் துடைத்தபோதுதான், திரைக்குப் பக்கத்தில் இருந்த சன்னல் கண்ணில் பட்டது.

உயரமான சன்னல். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு. இரண்டு கண்ணாடி இறக்கை, நடுவில் நிலையான கட்டை இல்லை. கீழ்ச் சுவர் உள்ளேயும் வெளியேயும் தொடை உயரம்தான், அந்த எட்டுப் படியும் பிரபுவின் வெறும் பகட்டு. அழுகிற கண் அழுதுகொண்டிருக்க, தொழில் தெரிந்த கண் அளவு எடுத்தது. ஒரு மீற்றர் முப்பது அகலம். மாலையோடு மாப்பிள்ளை தாராளமாகப் போவான்.

"ஐயரைக் கூப்பிடுங்கோ!" என்று கத்தினார்.

ஐயர் ஓமகுண்டத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவர், செங்கல்லும் கையுமாக வந்தார். விசயத்தைக் கேட்டார், சன்னலைப் பார்த்தார், யோசித்தார். "சன்னலால வரலாம் எண்டு சாஸ்திரத்தில இல்லை" என்றார். எல்லோருக்கும் உயிர் போயிற்று. "வரக்கூடாது எண்டும் இல்லை" என்றுவிட்டுத் திரும்பச் செங்கல்லுக்குப் போய்விட்டார்.

நவரத்தினம் வேட்டியை இன்னும் மடித்துக் கட்டினார். "ஐயோ, இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லை!" என்று ஹாகமன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். "ஆணி இல்லை. உளி இல்லை. தூக்கு, கழற்று, பிறகு பூட்டு" என்றார் நவரத்தினம். பழைய சன்னல் இறக்கைகள் முளையில்தான் கொளுவி இருக்கும். முறை தெரிந்து தூக்கினால் கையோடு வரும். ஒரு இறக்கையை அப்படியே அலாக்காகத் தூக்கி ஹாகமனின் விரித்த கைகளில் வைத்தார். கையில் இருநூறு வருடத்துக் கண்ணாடி வந்தபிறகு மனிதனால் எதிர்த்து என்ன பேச முடியும்? மூச்சுவிடாமல் அப்படியே நின்றார்.

பிறகு நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்லவேண்டும். நவரத்தினம் சன்னலால் வெளியே குதித்தார், உள்ளே ஏறினார், மறுபடி குதித்தார். படி கட்ட ஹோட்டல் நிலவறையில் இருந்து பெட்டிகள் வந்தன. "பியர்ப் பெட்டிக்கு மேலாலயோ மாப்பிள்ளை வாறது?" என்று சுந்தரேஸ்வரி தலையில் கைவைத்தாள். எல்லாம் திரும்பிப் போயிற்று. தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள் வந்தன. "இது தண்ணி. கங்கை எண்டு நினை" என்றார் தமையன். வெளியே மூன்று படி, உள்ளே மூன்று படி, மேலே சிவப்புக் கம்பளம். இரண்டு பக்கமும் வாழைமரம், மேலே மாவிலைத் தோரணம், இரண்டு நிறைகுடம். தள்ளி நின்று பார்த்தால், அடடா, வாசலேதான். பொய்க்கதவை என்ன செய்வது? 'துஷானி – பிருந்தன், நல்வரவு' என்று எழுதிய பெரிய சீலையை அதன்மேல் தொங்கவிட்டு மறைத்தார்கள். சரியாக அந்த நேரம் பஸ் வந்தது.

மேளம் முழங்க, பன்னீர் தெளிக்க, பட்டுத் தலைப்பாகையோடு பிருந்தன் இறங்கினான். அவனுக்கு முன்னால் அரக்குச் சேலையில் புஸ்பவதி. நேராக நடந்து வந்தவர் வாழைமரத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடியை ஏற்றினார். கம்பளத்தைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், பிறகு சீலையைப் பார்த்தார். வீதியால் வரும்போதே அவர் தூண்களையும் முகப்பையும் பார்த்துவிட்டார். அந்தப் பிரபு அதற்காகத்தானே அதைக் கட்டினான், பாழாய்ப்போவான்.

"அழைப்புக் காட்டில இருக்கிற கதவு எங்கை?"

மேளம் தானாகவே நின்றது. நவரத்தினம் வாய் திறப்பதற்குள் புஸ்பவதி எட்டுப் படியும் ஏறிச் சீலையை விலத்திச் சிங்கத்தின் வளையத்தைப் பிடித்து இழுத்தார். பின்னால் இரண்டு வீட்டுச் சனமுமாக இருநூறு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

திறப்பைக் காணவில்லை என்று சொல்லலாமா? பூட்டு இறுகிவிட்டது என்று சொல்லலாமா? நவரத்தினத்தின் நாக்கு நுனியில் மூன்று பொய் வரிசையாக நின்றன. மேல்மாடிச் சன்னலில் துஷானியின் முகம் தெரிந்தது. பொய்யில் தொடங்கி அவளை அந்த வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"அக்கா, அது கதவில்லை. கதவு மாதிரிச் சுவர். நான் பாக்காமல் விட்டிட்டன். பிழை முழுக்க என்னிலதான். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

"நீங்கள் கதவு வேலை செய்யிற ஆள் எண்டல்லோ சொன்னவை?"

"ஓம்."

"எத்தினை வருசம்?"

"இருபத்திரண்டு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். புஸ்பவதி திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. படியால் இறங்கிச் சன்னலுக்கு முன்னால் வந்தார். உள்ளே கண்ணாடி இறக்கையை ஏந்தியபடி ஹாகமன் வியர்த்து வழிந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"சரி. கிழக்குத்தான். ஆனால் ஒரு கேள்வி. இதால என்ரை மகனுக்கு முதல் ஆரும் உள்ளுக்குப் போனவையோ?"

இதற்கு உண்மையைச் சொன்னால் பஸ் திரும்பிவிடும் என்று நவரத்தினத்துக்குத் தெரியும். முழங்காலில் சுண்ணாம்பு, வேட்டியில் எண்ணெய், மீசையில் சிலந்திவலை. பொய் சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்?

"நான் போனனான், அக்கா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

"எத்தினை தரம்?"

"தெரியாது."

"பதினேழு தரம்!" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. ஆரத்தித் தட்டோடு தவமலர் நின்றார். "நான் எண்ணிக்கொண்டுதான் நிண்டனான். ஐம்பத்தாறு வயசில குரங்கு மாதிரி ஏறிக் குதிச்சுக்கொண்டு! பட்டுவேட்டி கிழிஞ்சது தெரியுமோ? பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ!"

நவரத்தினம் அவசரமாகச் சால்வையைப் பின்னால் கட்டினார். புஸ்பவதி தவமலரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ உங்கடை மனிசியல்லோ?"

"ஓம், என்ரை மனிசிதான்."

"கலியாணம் கட்டி எவ்வளவு காலம்?"

"முப்பத்தொரு வருசம்."

"முப்பத்தொரு வருசமும் உப்பிடித்தான் பேசுறவவோ?"

"ஒரு நாளும் விடாமல்" என்றார் நவரத்தினம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் புகார் ஒன்றும் இல்லை.

புஸ்பவதி கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். மூத்த மகனை நினைத்தாரோ என்னவோ, திரும்பப் போட்டபோது கண் சிவந்திருந்தது.

"என்ரை மூத்தவனுக்கு முன்னால குசினிக்காரன் போனவன். பிறகு பாத்தால் அந்தக் குசினிக்காரன் தன்ரை மனிசியை விட்டிட்டு இருக்கிறவனாம்" என்றார். "இஞ்சை முப்பத்தொரு வருசமாய்ப் பேச்சு வாங்கிக்கொண்டு கூட இருக்கிற மனிசன் பதினேழு தரம் போய் வந்திருக்கு. இனி வாசல் எனக்கு என்னத்துக்கு? தம்பி, நீங்கள் முன்னால நடவுங்கோ. இவவின்ரை கையையும் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ. என்ரை பிள்ளை உங்களுக்குப் பின்னால வரட்டும்."

மேளம் பிய்த்துக்கொண்டு போயிற்று. தவமலர் ஆரத்தித் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, காஞ்சிபுரச் சேலையை ஒரு கையால் கொய்து பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் பெட்டிமேல் கால் வைத்தார். பெட்டி ஆடியது. அவர் மற்றக் கையை நீட்டினார். முப்பத்தொரு வருடத்தில் இத்தனை பேர் பார்க்க நவரத்தினம் அந்தக் கையைப் பிடித்ததில்லை.

"சனம் கதவால கூட்டிக்கொண்டு போகும், எனக்கு வாய்ச்சது சன்னலால ஏத்துது" என்று தவமலர் முணுமுணுத்தார். பெட்டி இன்னொரு தரம் ஆடியது. "இறுக்கிப் பிடியுங்கோப்பா. விட்டிடாதேங்கோ."